அயல் வீட்டு யானை

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம்மவர் பழமொழி. யானையின் பெருமையைக் கூறுவதற்காகவே ஆன்றோர் அதனை வழங்கினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சற்று நின்று சிந்திப்போமாயின், அப்பழமொழி யானையை உடையவனின் கணக்கை மாத்திரமே எழுதியிருப்பதைக் காணலாம். இருந்தாலும் அவனுக்கே பொன். இறந்தாலும் அவனுக்கே பொன். அந்த யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினால் அயல் வீட்டுக்காரன் கதி என்ன என்பதைப் பற்றிப் பழமொழி வாய் திறக்கவில்லை. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அந்த அயல் வீட்டுக்காரனைப் பற்றியது.

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பாகிஸ்தானின் இலாகூர் நகரில் நிகழ்ந்ததொன்றை வாசகர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பர். ஒரு வீட்டில் செல்லப் பிராணியாக வளர்க்கப்பட்ட சிங்கம் மதிலைத் தாண்டித் தெருவிற் குதித்தது. கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் துரத்தி வீழ்த்தியது. பின்னர் இரு சிறுவர்களையும் காயப்படுத்தியது. அந்த நாட்டில் இது முதல் நிகழ்ச்சியன்று. 2024 டிசெம்பரில் அதே நகரில் இன்னொரு சிங்கம் தப்பியோடிச் சுடப்பட்டிறந்தது. அதன் பின்னரே, சிங்கம் வளர்ப்போர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும், தக்க கூண்டு அமைக்கவேண்டும் என்று பஞ்சாப் மாகாண அரசு விதி செய்தது. விதி வந்தது; ஏழு மாதத்திற்குள் மதிலைத் தாண்டிச் சிங்கமும் வந்தது. அதன் பின்பு அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று சில நாட்களிலேயே பத்துக்கு மேற்பட்ட சிங்கங்களைக் கைப்பற்றினர். அத்தனை சிங்கங்களும் அதுவரை யாருடைய கண்ணிலும் படாமலா இருந்தன? சிங்கம் கர்ச்சிக்கும் பிராணியன்றோ!

இலாகூர் எங்கே, நாம் எங்கே என்று கேட்கத் தோன்றும். நம் நாட்டிற் சிங்கத்தைத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையிலே கம்பிக்கு இப்பாலிருந்து பார்ப்பதுதான் வழக்கம். ஆனால், சிங்கத்தின் இடத்தில் யானையை வைத்துப் பார்த்தால் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். 2019 செப்டெம்பரில், தலைநகர்ப் பகுதியாகிய கோட்டேயில் நடந்த பெரஹராவில் ஓர் யானை மிரண்டு கூட்டத்துக்குள் ஓடியது. மேலே இருந்தவர் கீழே விழுந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். மற்றோர் யானையும் கலவரமுற்றது. குறைந்தது 17 பேர் காயமடைந்தனர். அவர்களுள் எவரும் யானை வளர்க்க விரும்பியவரல்லர். தெருவோரத்தில் நின்று விழாப் பார்க்க வந்தவர்கள்.

இலங்கையில் யானையைத் தனியார் வைத்திருப்பது புதிய வழக்கமன்று. வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகளைக் கடனீரேரியின் ஆழமில்லாத பகுதியூடாக யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிச் சென்ற வழியே ஆனையிறவு. வன்னி மக்களின் தலைவர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்ததும் யானையே. கொல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வந்து அவற்றை வாங்கிக் கப்பலேற்றிச் சென்றனர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆனைப்பந்தி என்ற பெயரோடு இடங்கள் இன்றுமுள்ளன. பந்தி என்பது விலங்குகளை நிரையாகக் கட்டும் இலாயம் என்பதை அறியாத இளைஞர்கள், அங்கே யானைக்கு விருந்து வைத்தார்களாக்கும் என்று கருதுவதுண்டு! தெற்கே பெருங் கூட்டமாக யானைகளை விரட்டிக் கட்டைவேலிக்குள் அடைத்துப் பிடிக்கும் முறை, 1950ஆம் ஆண்டு பனாமுறையில் நடந்ததோடு முடிவுற்றது. அங்கே பிடிபட்ட களிறொன்று பணிய மறுத்துப் போராடியதனாற் சுட்டுக் கொல்லப்பட்டது. மக்கள் மனம் கொதித்தது. 1970இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி நாட்டில் 532 பழக்கிய யானைகள் இருந்தன. 2021ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறத்தாழ 200 ஆகச் சுருங்கிவிட்டது. தொகை சுருங்கச் சுருங்க விலை ஏறியது. மரம் இழுத்து உழைத்த விலங்கு, வாசலிற் கட்டிவைக்கும் அந்தஸ்தாயிற்று.

"பழக்கிய யானை" என்று நாம் எழுதிய சொல்லைச் சிறிது ஆராய வேண்டும். பழக்கிய விலங்கு வேறு. வீட்டு விலங்கு வேறு. நாயும் மாடும் ஆடும் ஆயிரமாயிரம் தலைமுறைகளாக மனிதனோடு வாழ்ந்து, அவன் தேர்ந்தெடுத்த குணங்களோடு பிறந்து வருபவை. யானையோ ஒவ்வொன்றும் தனித்தனியே பழக்கப்பட வேண்டியது. தாய் யானை ஐம்பதாண்டு மனிதனிடத்தில் இருந்தாலும், அதன் கன்று காட்டு யானையின் இயல்போடுதான் பிறக்கும். புலியும் சிங்கமும் அவ்வாறே. பழக்கம் என்பது அந்த ஒரு விலங்குக்கும் அந்த ஒரு மனிதனுக்கும் இடையே உள்ள ஓர் ஏற்பாடு. தெருவில் நிற்பவன் அந்த ஏற்பாட்டிற் சேர்ந்தவனல்லன்.

நமது திருகோணமலையிலேயே இதற்கு ஒரு சிறு உதாரணம் உண்டு. பிரெடரிக் கோட்டை வாசலிலும் நகரத்தின் தெருக்களிலும் புள்ளிமான்கள் தம்மிச்சையாக உலாவுவதை இங்கு வருவோர் யாவரும் வியப்பர். கையில் வாழைப்பழத்தோலை நீட்டினால் வந்து தின்னும். அதனால் அவை ஆடுகளாகிவிடவில்லை. கொம்பு முற்றிய கலைமான் ஒன்று இணைசேரும் பருவத்தில் நிற்கும்போது, அதன் நெற்றியைத் தடவிப் படமெடுக்கப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரை ஓர்ஸ் ஹில்லிலிருந்து கோட்டைப் பக்கம் மாலையில் நடந்து செல்லும்போது நாம் கண்டிருக்கிறோம். "அது ஒன்றும் செய்யாது" என்பார்கள். இந்த மூன்று சொற்களே விலங்கு வளர்ப்போர் யாவருக்கும் பொதுவான தாரக மந்திரம். நாயை அவிழ்த்து விட்டவனும் சொல்வான். சிங்கத்தை வளர்த்தவனும் சொல்வான். நேற்றுவரை அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானையை நம்மூரிலிருந்து யாத்திரை சென்ற பலர் வணங்கி, அதன் துதிக்கையால் ஆசியும் பெற்றிருப்பர். 2024 நவம்பர் 18ஆம் நாள் அது தன் பாகனையும் அவருடைய உறவினர் ஒருவரையும் கொன்றுவிட்டது. மதம் பிடித்தது என்று சொல்லிக் கைகழுவ முடியாது. தெய்வானை பெண் யானை. மதநீர் வழிவது ஆண் யானைக்கே உரியது. அதுவும் முன்னறிவித்து வருவது: கன்னப்பொறியில் நீர் கசியும், தீவனம் குறையும், அனுபவமுள்ள பாகன் கண்டுகொண்டு கட்டிவைப்பான். மதமில்லாமலும் யானை அஞ்சும், சினக்கும், வலி தாங்காது திரும்பும். எந்தக் கணத்தில் என்று சொல்ல எவராலும் இயலாது. முதலில் இறப்பவன் பெரும்பாலும் பாகனே என்பதையும் இங்கு கூறவேண்டும். யானைக்கு உடையவன் ஒருவன். அதனருகில் உறங்குபவன் மற்றொருவன். உடையவனின் பெருமைக்கு விலை கொடுப்பவன் இவன்.

இனி, உடையவன் பொறுப்பைப் பற்றி நம் முன்னோர் சிந்திக்கவேயில்லை என்றும் எண்ணிவிடலாகாது. பெரியபுராணத்தில் எறிபத்த நாயனார் வரலாற்றை மாணவர் அறிவர். கருவூர் வீதியில் அரசனின் பட்டத்து யானை நீராடி வரும்போது கட்டுக்கடங்காது ஓடி, சிவகாமியாண்டார் என்னும் அடியவர் கையிலிருந்த பூக்கூடையைப் பறித்துச் சிதறியது. எறிபத்தர் மழுவால் யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்தினார். பகைவர் செயலென்று எண்ணிப் படையோடு வந்த புகழ்ச்சோழ மன்னன், நடந்ததை அறிந்ததும் என்ன செய்தான்? "என் யானையைக் கொன்றாயா?" என்று சீறவில்லை. யானையையும் பாகரையும் தண்டித்தது போதாது, அதற்கு உடையவனாகிய தன்னையும் தண்டிக்க வேண்டுமென்று தன் வாளையே எடுத்து நீட்டினான். பக்தியின் பெருமையைச் சொல்ல எழுந்த வரலாறு அது. எனினும் சட்டம் பயிலும் மாணவன் அதனை வேறொரு கண்ணாற் படிக்கலாம். உதிர்ந்தது ஒரு கூடைப் பூ. முன்வந்தது யானைக்குடையவனின் கழுத்து. இன்றைக்கு ஒரு மனிதன் மிதிபட்டால், உடையவனைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

மேல்நாட்டிலும் இக்கேள்வி பழையது. உரோமாபுரியிற் சந்தைகளையும் தெருக்களையும் மேற்பார்த்த அதிகாரிகள் ஓர் ஆணை பிறப்பித்திருந்தனர். பொதுமக்கள் வழக்கமாக நடமாடும் வழியருகே பன்றி, கரடி, சிங்கம் முதலியவற்றை ஒருவரும் வைத்திருத்தலாகாது. வைத்திருந்து, அதனாற் குடிமகன் ஒருவன் இறந்தால் 200 பொற்காசு தண்டம். காயப்பட்டால் நீதிபதி நியாயமெனக் காணும் தொகை. பொருளுக்குச் சேதமானால் இரட்டிப்பு ஈடு. இந்த ஆணையின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விலங்கு சாதுவா, துஷ்டமா என்று அது கேட்கவேயில்லை. எங்கே வைத்திருக்கிறாய், அங்கே மக்கள் போகிறார்களா என்பதே அதன் கேள்வி. 1639இல் நமது கோணமாமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், காலப்போக்கில் தம் நாட்டு உரோமன் டச்சுச் சட்டத்தை இத்தீவில் வேரூன்றச் செய்தனர். அதுவே இன்றும் இலங்கைப் பொதுச் சட்டத்தின் அடிப்படை. ஒரு கையால் யானை விற்றுக்கொண்டே மறுகையால் இந்தச் சட்டப் புத்தகத்தையும் கொண்டுவந்தார்கள் என்பது வரலாற்றின் வேடிக்கை.

ஆங்கிலச் சட்டமும் சுற்றிச் சுழன்று அதே இடத்துக்கே வந்தது. இலண்டனில் ஒரு சர்க்கஸில் நடந்த நிகழ்ச்சி 1957ஆம் ஆண்டு வழக்காக வந்தது. பர்மா தேசத்து யானையொன்று அரங்கத்துக்குச் செல்லும் வழியில் ஒரு சிறிய நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. யானை மிரண்டு நாயைத் துரத்தியது. வழியருகே கூடாரக் கடையில் இருந்த குள்ளமான தம்பதியர் மீது கடை சரிந்தது, மனைவி காயமுற்றாள். அந்த யானை பசுவைப்போற் சாது, அது எவரையும் தாக்க எண்ணவில்லை, குற்றம் நாயுடையது என்று சர்க்கஸ்காரர் வாதாடினர். அது பசுவைப்போற் சாது என்பதை நீதியரசர் டெவ்லின் மறுக்கவில்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணில் யானை யானையே. அதனை வைத்திருப்பவன் அதனால் விளையும் தீங்குக்கும் பொறுப்பாளியே என்று தீர்ப்பளித்தார். "அது ஒன்றும் செய்யாது" என்ற மந்திரத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழியை நாம் கண்டதில்லை.

ஆனால் மேற்கூறியவை யாவும் தீங்கு நடந்த பின்னர் ஈடு வாங்கித் தரும் சட்டங்கள். கால் முறிந்தவனுக்குக் காசு கிடைக்கலாம், கால் கிடைக்காது. ஆகவேதான் இக்காலத்தில் அரசாங்கங்கள் வாசலிலேயே நின்று கேள்வி கேட்க முற்பட்டன. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும், யானை வைத்திருப்போர் அதனைப் பதிவு செய்து அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென விதிக்கின்றன. 2021 ஆகஸ்டில் வெளியான வர்த்தமானி விதிகள் இன்னும் விரிவானவை. யானைக்கு மரபணு விவரத்தோடு கூடிய அடையாள அட்டை, ஆறு மாதத்துக்கொருமுறை வைத்தியப் பரிசோதனை, நாளுக்கு இரண்டரை மணி நேரக் குளிப்பு, மரம் இழுப்பதாயின் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலையில்லை, இரவில் வேலை கூடாது, முதுகில் நால்வருக்கு மேல் ஏறலாகாது, கன்றைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது, பாகன் வேலை நேரத்தில் மது அருந்தலாகாது என்று அவை பகர்கின்றன. மீறினால் விலங்கு அரசுடைமையாகும். மூன்றாண்டு வரை சிறையும் நேரலாம். விலங்குகளுக்குக் கொடுமை செய்தவனுக்கு 100 ரூபா வரை தண்டம் என்று 1907ஆம் ஆண்டில் எழுதிவைத்த சட்டத்தோடு இதனை ஒப்பிடும்போது, மகிழ்ச்சி கொள்ளாதிருக்க முடியவில்லை.

இவ்விதிகள் எழக் காரணமாக இருந்தவற்றுள் ஒன்று திக்கிரி என்னும் யானையின் படம். ஏறத்தாழ எழுபது வயதான அந்தக் கிழ யானை, எலும்புக்கூடாய் இருந்த உடலைப் பட்டாடையால் மூடிக்கொண்டு 2019ஆம் ஆண்டுக் கண்டிப் பெரஹராவில் நடந்தது. ஆடையை நீக்கியெடுத்த படம் உலகெங்கும் பரவியது. அடுத்த மாதமே அது இறந்தது. அந்த இரக்கம் நியாயமானது. ஆயினும் விதிகளைப் படிக்கும்போது, தெருவோரத்தில் நிற்பவனைப் பற்றியும் அதே அக்கறையோடு சிந்தித்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. பாகன் குடிக்கலாகாது என்பதே அவனுக்கு நேரடியாக உதவும் விதி. கண்டியில் பேழை சுமந்த நெடுங்கமுவ ராஜா, தனியார் ஒருவரின் யானை. அது 2022 மார்ச்சில் இறந்தபோது நாடே துக்கங் கொண்டாடியது. தெருவில் நடந்து செல்லும்போது ஒரு மோட்டார் சைக்கிள் அதன்மேல் மோதப் பார்த்ததனால், 2015 முதல் அதற்கு ஆயுதந் தாங்கிய இராணுவக் காவல் கொடுக்கப்பட்டிருந்தது. யானையை மனிதரிடமிருந்து காக்கக் காவல் உண்டு. மறுதிசையிலும் அப்படியொன்று வேண்டாமா?

பதிவேடு இருந்தால் போதும் என்று எண்ணுவோரும் உளர். பதிவேட்டை எழுதுபவனும் மனிதனே. 2015ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த யானைக்கன்றுத் திருட்டு விவகாரத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சரணாலயங்களில் தாயிடமிருந்து பிரித்துக் களவாடப்பட்ட கன்றுகள், பழக்கிய யானைக்குப் பிறந்தவை என்று பொய்யாகப் பதிவு செய்யப்பட்டு விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. பதினைந்தாண்டுக் காலத்தில் நாற்பது கன்றுகளேனும் இவ்வாறு போயின என்று வனவிலங்கு ஆர்வலர் கூறினர். பத்துக்கு மேற்பட்ட யானைகள் கைப்பற்றப்பட்டன. பின்பு 2021 செப்டெம்பரில், புதிய விதிகள் வந்த கையோடு, அவற்றை முன்பு வைத்திருந்தோரிடமே திருப்பிக் கொடுக்கும்படி நீதிமன்றம் ஒன்று கட்டளையிட்டபோது பலர் திகைத்தனர். மரபணு அட்டை என்ற ஏற்பாடு இந்தப் பொய்ப் பதிவை ஒழிக்கவே வந்தது. தாய் யார் என்று இரத்தம் சொல்லும், எழுதுவினைஞர் சொல்லவேண்டியதில்லை.

தெருவோரத்தில் நிற்பவனை அளவுகோல் வைத்து அளந்து காக்க முயன்றது கேரளம். அங்கே யானை ஊரின் செல்லப்பிள்ளை; பெயர் சொல்லி அழைத்து, பதாகை வைத்துக் கொண்டாடுவர். தெச்சிக்கோட்டுக்காவு இராமச்சந்திரன் என்ற புகழ்பெற்ற யானை ஒரு கோயில் தேவஸ்தானத்துக்குரியது, பார்வைக் குறைவுள்ளது. 2019 பெப்ரவரியில், குருவாயூரில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட இடத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு இருவரைக் கொன்றது. வெளிச்சமும் வெடியும் நிறைந்த புதுமனை விழாவுக்கு, கண் தெரியாத யானை எதற்கு என்று கேட்பார் இல்லை. அந்த ஆண்டுத் திருச்சூர்ப் பூரத்துக்கு அதனைக் கொண்டுவரலாகாதென மாவட்ட ஆட்சியர் தடுத்தார். யானை உரிமையாளர்கள், அப்படியாயின் எந்த யானையையும் தரமாட்டோம் என்றனர். முடிவில், நாலு பாகர், வேலித் தடுப்பு, ஒரு மணி நேரம் என்ற நிபந்தனைகளோடு அனுமதி வந்தது, இலட்சக்கணக்கானோர் ஆரவாரித்தனர்.

2024 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தூரத்தை எண்ணாற் கூறியது. ஒரு யானைக்கும் மறு யானைக்கும் இடையில் 3 மீற்றர், யானைக்கும் மக்களுக்கும் இடையில் 8 மீற்றர், வெடி கொளுத்தும் இடத்துக்கு 100 மீற்றர். எட்டு மீற்றர் என்பது எவ்வளவு என்று நமது வகுப்பில் மாணவரைக் கொண்டு அளப்பித்தோம். கரும்பலகையிலிருந்து பின்வரிசை வரை வந்தது. "இவ்வளவுதானா?" என்றான் ஒருவன். இவ்வளவுதான், ஆயினும் அதுகூட நடைமுறைக்கு ஒவ்வாதென்று தேவஸ்தானங்கள் முறையிட, அடுத்த மாதமே இந்திய உச்சநீதிமன்றம் அந்நிபந்தனைகளை இடைநிறுத்தியது. 2025 பெப்ரவரி 13ஆம் நாள் கொயிலாண்டிக்கருகே ஒரு கோயில் விழாவில், வெடிச் சத்தத்தில் மிரண்ட யானை மற்றோர் யானையைக் குத்த, இரண்டும் ஓடின, மூவர் மாண்டனர். தூரம் என்ற ஒன்றை மட்டும் எவரும் விட்டுக்கொடுக்க விரும்புவதில்லை. விழாவின் இன்பமே அருகில் நிற்பதில் இருக்கிறது என்பர். அதனையும் நாம் அறியாமலில்லை. பக்தனுக்கு எட்டு மீற்றர் எட்டு யோசனையாகத் தோன்றும்.

யானையாவது கண்ணுக்குத் தெரிந்து வளர்கிறது. வேற்று நாட்டுக் கொடிய விலங்குகளோ கூடையில் வந்து சேர்கின்றன. 2019 பெப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்கொக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பொதியிலிருந்து மெல்லிய அழுகுரல் கேட்டது. திறந்து பார்த்தால், பிறந்து ஒரு மாதமேயான சிறுத்தைக் குட்டி. அதனை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினர். கையிலேந்திப் பாலூட்டும் பருவத்தில் சிறுத்தையும் பூனையே. வாங்குவோர் அந்தப் பருவத்தைப் பார்த்து வாங்குகின்றனர். வளர்ந்த பின் வைத்திருக்கவும் முடியாது, விடவும் முடியாது. இலண்டனில் ஹரோட்ஸ் என்னும் பெருங்கடையில் 1969ஆம் ஆண்டில்கூட ஒரு சிங்கக் குட்டியைப் பணங் கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்தது. அக்குட்டி வளர்ந்ததும் கென்யா நாட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. 1976இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அபாயகரமான காட்டு விலங்குகள் பற்றிச் சட்டம் இயற்றி, உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பதைத் தடுத்தது. அச்சட்டத்தில் நம்மைக் கவர்ந்தது ஒரு சிறு விதி. விலங்கினாற் பிறருக்கு நேரும் தீங்குக்கு உடையவன் முன்கூட்டியே காப்புறுதி செய்திருக்க வேண்டும். நம் நாட்டில் ஒரு பழைய ஸ்கூட்டரைத் தெருவிற் கொண்டுவருவதற்கே மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம். நாலாயிரம் கிலோகிராம் நிறையும் தன் விருப்பமும் உடைய ஓர் உயிருக்கு அதே கேள்வியைக் கேட்பது மிகையாகாது. காப்புறுதிக் கம்பனிக்காரர் வந்து பார்த்தால், பாகனுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா, யானைக்குக் காலிற் புண் இருக்கிறதா என்பதைக்கூடப் பார்ப்பார், பணம் அவருடையதன்றோ!

அமெரிக்காவின் ஒகையோ மாநிலம் அந்தப் பாடத்தைக் கடும் விலை கொடுத்துப் படித்தது. 2011 ஒக்டோபர் 18ஆம் நாள், சேன்ஸ்வில் என்ற ஊருக்கருகே, தன் பண்ணையில் விலங்குகள் வைத்திருந்த ஒருவர் கூண்டுகளைத் திறந்துவிட்டுத் தம்மைத்தாமே சுட்டு மாண்டார். ஐம்பத்தாறு விலங்குகள். பொழுது சாயும் நேரம்; பாடசாலைப் பிள்ளைகள் வீடுகளில். மயக்க மருந்து ஏற்றிப் பிடிக்க அவகாசமில்லை. பொலிசார் 48 விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். அவற்றுள் 18 வங்கப் புலிகள். உலகில் அருகி வரும் ஓர் இனத்தில் பதினெட்டு ஓரிரவில் மாண்டன. பொதுமக்களுள் எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் அதனை வெற்றியென்று அந்தப் பொலிசாரும் சொல்லவில்லை. மறு ஆண்டே அம்மாநிலம் தனிச் சட்டம் செய்தது. பெரிய பூனையினங்களைத் தனியார் புதிதாக வளர்ப்பதைத் தடுக்கும் நாடளாவிய சட்டம் வர 2022 டிசெம்பர் ஆயிற்று. நம்மூர்ப் பிள்ளைகள் பலர் தொழில் செய்யும் ஐக்கிய அரபு அமீரகத்திலும், செல்வர் சிலர் காரில் சிறுத்தையை ஏற்றிச் செல்லும் காலமொன்று இருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அங்கு கொடிய விலங்குகளை வைத்திருக்க மிருகக்காட்சிச்சாலை, சர்க்கஸ், ஆய்வுநிலையம் போன்றவற்றுக்கே உரிமை.

தடை செய்தால் கைப்பற்றிய விலங்கு எங்கே போகும் என்பதே கடைசியில் எஞ்சும் கேள்வி. அதற்கு இடமில்லாத அதிகாரி பல வேளைகளிற் கண்ணை மூடிக்கொள்கிறார். இலாகூரில் அத்தனை சிங்கங்கள் பெருகியதற்கு அதுவும் காரணமாயிருக்கலாம். நம் நாடு இதிற் சற்று முன்னே நிற்கிறது. 1975இல் பின்னவலையில் அநாதை யானைகளுக்கு ஓர் இல்லம் தோன்றியது. அது நாளடைவில் உல்லாசப் பயணிகள் யானை குளிப்பதைப் பார்க்க வரும் இடமாயிற்று. 1995இல் உடவளவையில் தொடங்கப்பட்ட இடைத்தங்கல் இல்லம் வேறு வழியிற் செல்கிறது. தாயை இழந்த கன்றுகளுக்கு அங்கே வேளை தவறாது குழாயிற் பால் கொடுக்கிறார்கள். சங்கிலியில்லை, சவாரியில்லை, தொட்டுத் தடவல் இல்லை. பார்க்க வருவோர் அப்பால் அமைந்த மேடையில் இருந்தபடிதான் பார்க்க வேண்டும். கன்று மனிதனைப் பழகிவிடக்கூடாது என்பதில் அவர்கள் கண்ணுங் கருத்துமாய் இருக்கின்றனர். உரிய வயது வந்ததும் கூட்டமாகக் காட்டுக்குள் விட்டுவிடுகின்றனர். இதுவரை நூற்றுக்கு மேற்பட்ட கன்றுகள் அவ்வாறு திரும்பிப் போயிருக்கின்றன. விடுமுறையில் தெற்கே செல்லும் குடும்பத்தினர் பால் கொடுக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போவது நலம். பிள்ளைகள் மேடையிலிருந்து இறங்க அனுமதி கேட்டு அடம் பிடிப்பார்கள், கிடைக்காது.